சுரண்டலா, துணுக்கா, ரத்தமா? எதிர்ப்பாற்றல் குறைந்தவரின் தோல் பூஞ்சைக்கு எந்தச் சோதனை

கடலூர், புதுச்சேரி கடற்கரைப் புழுக்கத்தில் படையும் தேமலும் சேற்றுப்புண்ணும் வருடம் முழுக்க இருப்பவை. திடகாத்திரமான ஆளுக்குத் தொடையிடுக்கில் வட்டமாகச் சிவந்து ஓரம் தடித்து அரித்தால், கண்ணால் பார்த்தே மருந்து எழுதலாம், பெரும்பாலும் தப்பாது. சிறுநீரகம் மாற்றிக்கொண்டவர், கீமோ எடுப்பவர், எச்.ஐ.வி.யில் சி.டி.4 என்ற எதிர்ப்பு வெள்ளணுக்களின் எண்ணிக்கை இறங்கியவர், மாதக்கணக்கில் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டை விழுங்குபவர், சர்க்கரை கட்டுக்குள் வராதவர் இவர்களிடம் அந்தக் கண் கணக்கு பலிக்காது. சிவப்பு, தடிப்பு, அரிப்பு எல்லாம் பூஞ்சை உண்டாக்குபவை அல்ல. பூஞ்சையை எதிர்க்கும் உடல் உண்டாக்குபவை. எதிர்க்க ஆளில்லாவிட்டால் அடையாளமும் இருக்காது.

ஆகவே சோதனை வேண்டும். எந்தச் சோதனை என்பதுதான் சிக்கல். கையிருப்பில் உள்ளவை: சுரண்டி எடுத்துப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் பார்ப்பது (லேப் பேச்சில் கே.ஓ.எச்.), கல்ச்சர் (பூஞ்சையை ஊடகத்தில் வளர்த்துப் பார்ப்பது), பயாப்ஸி (தோலில் துணுக்கு எடுப்பது), ரத்தச் சோதனைகள், பி.சி.ஆர். (பூஞ்சையின் மரபணுவைத் தேடுவது). இவற்றில் எது உயர்ந்தது என்று கேட்பதில் பயனில்லை. பூஞ்சை தோலின் மேல் உட்கார்ந்திருக்கிறதா, தோலுக்குள் இறங்கிவிட்டதா, ரத்தம் வழியாக உள்ளிருந்து தோலுக்கு வந்திருக்கிறதா என்ற கேள்வியை முதலில் கேட்க வேண்டும். மேலே இருப்பதற்கான சோதனையை உள்ளே இருப்பதற்குச் செய்து, ‘நெகட்டிவ்’ என்ற தாளோடு வீட்டுக்கு அனுப்புவதுதான் இதில் நடக்கும் பெரிய தவறு.

சுரண்டல்

மலிவானது, அரைமணியில் விடை தருவது, மைக்ராஸ்கோப் உள்ள எந்தச் சிறு லேபிலும் முடிவது. புண்ணின் ஓரத்தை 70 சதவீத ஸ்பிரிட்டால் துடைத்து, நன்றாக உலரவிட்டு, 15-ஆம் எண் பிளேடைச் சாய்த்துப் பிடித்துச் செதில்களைச் சுரண்ட வேண்டும். நடுவில் அல்ல, ஓரத்தில். பூஞ்சை விரிந்துகொண்டே போவதால் உயிரோடு இருப்பது விளிம்பில்தான். சேகரிக்கக் கறுப்புத் தாள் நல்லது, வெள்ளைச் செதில் தெளிவாகத் தெரியும். அதையே மடித்து உறையில் போட்டு அனுப்பலாம். பிளாஸ்டிக் டப்பாவில் அடைத்தால் ஈரம் தேங்கிப் பாக்டீரியா ஏறிவிடும்.

தோலுக்கு 10 சதவீதக் கரைசலும் 10 முதல் 20 நிமிடமும் போதும். நகத்துக்கு 20 முதல் 40 சதவீதம், சில மணி நேரம், சில வேளை ஓர் இரவு. அவசரத்தில் ஸ்லைடைக் கொதிக்கும்வரை சூடாக்கினால் படிகம் படிந்து பார்வையைக் கெடுக்கும், இளஞ்சூடு போதும். மைக்ராஸ்கோப்பின் கண்டென்சரை (ஒளியைக் குவிக்கும் வில்லை) இறக்கி வெளிச்சத்தைக் குறைக்காமல் பார்த்தால், இருக்கிற இழையும் கண்ணில் படாது.

தெரிவது என்ன? குறுக்குச் சுவரோடு கிளைத்தோடும் மெல்லிய இழை என்றால் படர்தாமரை (படை) வகை. மொட்டுவிடும் முட்டை வடிவச் செல்களும் போலி இழைகளும் கேண்டிடா என்ற ஈஸ்ட். சேமியாவும் ஜவ்வரிசியும் கலந்த பாயசம் போலத் தெரிந்தால் தேமல். ஏமாற்றுவன: பருத்தி நூல், செல் ஓரங்களில் படியும் கொழுப்புக் கோடு, காற்றுக் குமிழி. தேங்காய் எண்ணெய்த் துளியை ஈஸ்ட் என்று படித்துவிடலாம். பவுடர், மஞ்சள், வேப்பிலை அரைப்பு எதுவும் போடாமல் வரச்சொல்வதற்கு இதுவே காரணம். பூஞ்சைக் களிம்பு தடவிக்கொண்டிருந்தால் ஒன்றிரண்டு வாரம் நிறுத்திவிட்டுச் சுரண்டுவது வழக்கம். எதிர்ப்பாற்றல் குறைந்தவருக்கு அந்த அவகாசம் எப்போதும் கிடைக்காது. அப்போது ‘மருந்து போட்டுக்கொண்டிருக்கிறார்’ என்று தாளில் எழுதி உடனே சுரண்ட வேண்டியதுதான்.

மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் மூன்று மருந்துக் கூட்டுக் களிம்பு தனிக் கதை. அதிலுள்ள ஸ்டீராய்டு அரிப்பை அடக்கும், வட்டத்தின் ஓரத்தை அழிக்கும், பூஞ்சையை வளர்க்கும். பார்த்தால் படை போலவே இருக்காது. ஆனால் சுரண்டிப் பார்த்தால் ஸ்லைடு முழுக்க இழை. இந்த ஒரு நிலையில் கே.ஓ.எச்.சை மிஞ்ச ஆளில்லை. இன்னொரு லாபமும் உண்டு: உடல் முழுக்கச் செதிலடித்துத் தடித்த தோல் சில நேரம் பூஞ்சையே அல்ல, எதிர்ப்பாற்றல் குறைந்தவருக்கு வரும் பொருக்குச் சிரங்கு. அதே ஸ்லைடில் பூச்சியும் முட்டையும் தெரிந்துவிடும்.

இதன் எல்லை தோலின் செத்த மேலடுக்கோடு முடிகிறது. படர்தாமரைப் பூஞ்சையே மயிர்க்கால் வழியாக உள்ளே இறங்கி, காலில் முடிச்சு முடிச்சாக எழும்போது மேலே சுரண்டினால் ஒன்றும் வராது. கிரிப்டோகாக்கஸ், ஆஸ்பெர்ஜில்லஸ், ஃபியூசேரியம் ஆகிய பூஞ்சைகள் ரத்தத்தில் வந்து தோலில் இறங்கியிருந்தால் மேலடுக்கில் அவற்றுக்கு வேலையே இல்லை. முடிச்சு, கட்டி, கறுத்த புண், திடீரென முளைத்த வலிக்கும் சிவப்புப் புடைப்பு, இவற்றில் சுரண்டல் ‘நெகட்டிவ்’ என்றால் அதற்கு எந்தப் பொருளும் கிடையாது.

உட்ஸ் விளக்கை (புற ஊதா ஒளி விளக்கு) பற்றி ஒரு வரி. தேமல் மஞ்சளாக மின்னும், அக்குளில் பவளச் சிவப்பாக மின்னினால் அது பூஞ்சையல்ல, பாக்டீரியா. இன்று இந்தியா முழுக்க விடாப்பிடியாகப் பரவியிருக்கும் படர்தாமரைப் பூஞ்சையான டிரைக்கோஃபைட்டான் இண்டோடினியே மின்னவே மின்னாது. விளக்கை நம்பி முடிவெடுக்க வேண்டாம்.

கல்ச்சர்

கே.ஓ.எச். பூஞ்சை உண்டா என்று சொல்லும். எந்தப் பூஞ்சை என்பதைக் கல்ச்சர் சொல்லும். பெயர் தெரிந்தே ஆகவேண்டும், ஏனென்றால் மருந்துகள் ஆள் பார்த்துத்தான் வேலை செய்கின்றன. ஃபுளுகோனசோல் ஆஸ்பெர்ஜில்லஸை அசைக்காது. வோரிகோனசோல் மியூக்கர் (கறுப்புப் பூஞ்சை) வகையிடம் தோற்கும். எக்கினோகேண்டின் ஊசி கிரிப்டோகாக்கஸுக்குப் பயன்படாது. இண்டோடினியேவில் டெர்பினாஃபின் பலிக்காத இனங்கள் நிறைய. உறுப்பு மாற்றியவருக்கு இன்னோர் ஆபத்து: அசோல் மாத்திரைகள் (ஃபுளுகோனசோல், வோரிகோனசோல் வகை) ரத்தத்தில் டாக்ரோலிமஸ், சைக்ளோஸ்போரின் (மாற்றிய உறுப்பை உடல் தள்ளாமல் காக்கும் மருந்துகள்) அளவை ஏற்றிவிடும். மாற்றிய சிறுநீரகமே பழுதாகலாம். ‘எதற்கும் பூஞ்சை மாத்திரை போட்டுப் பார்ப்போம்’ என்பது இவர்களிடம் விளையாட்டல்ல.

கல்ச்சரில் ஒளிந்திருக்கும் பள்ளம், பாட்டிலுக்குள் இருக்கிறது. தோல் செதில் வந்ததும் லேபில் கை போவது குளோராம்ஃபெனிகாலும் சைக்ளோஹெக்சிமைடும் கலந்த சபூரோ ஊடகத்துக்கு. படர்தாமரை வகைக்கு அது சரி. குப்பைப் பூஞ்சைகளைச் சைக்ளோஹெக்சிமைடு அடக்கிவைக்கும். ஆனால் இங்கே நாம் தேடும் ஆஸ்பெர்ஜில்லஸ், மியூக்கர் வகை, கிரிப்டோகாக்கஸ் ஆகியவற்றையும், கேண்டிடாவில் சில இனங்களையும் அதே மருந்து அடக்கிவிடும். குற்றவாளியை வாசலில் நிறுத்திவிட்டு வீட்டுக்குள் தேடுவது போல. ‘எதிர்ப்பாற்றல் குறைந்தவர்’ என்று அனுப்புபவர் எழுதினால்தான், சைக்ளோஹெக்சிமைடு இல்லாத பாட்டிலிலும் லேப் விதைக்கும்.

நாள் கணக்கு: மியூக்கர் வகை ஒன்றிரண்டு நாளில் பாட்டிலை நிரப்பும். கேண்டிடா ஒன்று முதல் மூன்று. ஆஸ்பெர்ஜில்லஸ், ஃபியூசேரியம் ஐந்து நாளுக்குள். படர்தாமரை வகை நான்கு வாரம்வரை, ஹிஸ்டோபிளாஸ்மா ஆறு வாரம்வரைகூட. ஒரு வாரத்தில் ‘வளர்ச்சி இல்லை’ என்று வரும் தாள் இடைக்காலத் தாள்தான்.

மேல் செதிலில் ஆஸ்பெர்ஜில்லஸ் வளர்ந்தால் அவசரப்பட்டு நோய் என்று எழுதக்கூடாது. அது காற்றிலும் இருக்கிறது, பழைய சுவரிலும் இருக்கிறது. திசுவுக்குள் இழையைக் கண்ணால் பார்த்து, அதே திசுவில் அதே பூஞ்சை வளர்ந்தால்தான் வழக்கு நிற்கும்.

பயாப்ஸி

எதிர்ப்பாற்றல் குறைந்தவரிடம் உள்ளிறங்கிய புண் என்று சந்தேகம் வந்தால் பயாப்ஸிதான். மற்ற எல்லாம் துணை. தோல் டாக்டர் மரக்கவைக்கும் ஊசி போட்டு 4 அல்லது 5 மில்லிமீட்டர் பஞ்ச் எடுப்பார். பத்துப் பதினைந்து நிமிட வேலை. புதிதாக முளைத்த புண்ணைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கறுத்துச் செத்த புண்ணென்றால் நடுவில் எடுத்தால் சாம்பல்தான் கிடைக்கும். உயிருள்ள திசுவைத் தொட்டுக்கொண்டு விளிம்பில் எடுக்க வேண்டும். ஆழமான முடிச்சுக்குப் பஞ்ச் கொழுப்படுக்கை எட்டாமல் போகலாம். கத்தியால் ஆப்பு வடிவில் எடுப்பது மேல். கீமோவால் தட்டணு குறைந்திருந்தால் வீட்டார் பயப்படுவது நியாயம்தான். ஆனால் தோல், அழுத்திப் பிடித்து ரத்தத்தை நிறுத்தக்கூடிய இடம், தையலும் போடலாம், தேவைப்பட்டால் முன்பே தட்டணு ஏற்றலாம். அதை ரத்தவியல் டாக்டரோடு பேசி முடிவு செய்ய வேண்டும், பயாப்ஸியையே தவிர்க்கக் காரணமாக்கக்கூடாது.

இனி வருவதுதான் அடிக்கடி கெடும் இடம். பயாப்ஸி என்றாலே ஃபார்மலின் பாட்டில் என்று எல்லார் கையும் பழகிவிட்டது. முழுத்துணுக்கும் அதற்குள் விழுந்த நொடியில் பூஞ்சை செத்துவிடும். பிறகு எந்த லேபாலும் அதை வளர்க்க முடியாது. பி.சி.ஆருக்கும் ஃபார்மலின் கேடு. ஆகவே இரண்டு துணுக்கு, அல்லது ஒன்றை நெடுக்கில் இரண்டாகப் பிளந்து. ஒரு பாதி, துணுக்கைப் போலப் பத்து மடங்கு அளவு 10 சதவீத ஃபார்மலினில், பேத்தாலஜிக்கு. மறு பாதி, கிருமிநீக்கிய டப்பாவில் ஓரிரு மில்லி நார்மல் சலைனில், மைக்ரோபயாலஜிக்கு. இந்தப் பாதியில் பாக்டீரியா கல்ச்சரும் கேட்க வேண்டும். வெள்ளணு குறைந்தவருக்குக் கறுத்துப் புண்ணாவது சூடோமோனாஸாலும் வரும். காசநோய்க் கிருமி வகைக்கான கல்ச்சரையும் மறக்கக்கூடாது.

சலைன் டப்பா இரண்டு மணி நேரத்துக்குள் லேபைச் சேர்வது நல்லது. கடலூரிலிருந்து புதுச்சேரி கோரிமேட்டு ஜிப்மர் மருத்துவமனைக்கு எடுத்துப்போக வேண்டியிருந்தாலும் இந்தக் கெடுவுக்குள் முடிகிற தூரந்தான். ஆனால் மதியம் எடுத்து, சாயங்காலம் பில் போட்டு, மறுநாள் காலை பஸ்ஸில் அனுப்பினால் முடியாது. நோயாளியையே அங்கே அனுப்பி அங்கேயே எடுக்கச் சொல்வது பல நேரம் புத்திசாலித்தனம். சிதம்பரம் பக்கத்தவருக்கு அங்குள்ள அரசு மருத்துவக் கல்லூரியே கிட்ட. துறைமுகத்து மீன் போல ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டுபோக வேண்டாம். குளிர் மியூக்கர் வகைக்கு ஆகாது. வெயிலில் நிற்கும் வண்டிப் பெட்டியும் வேண்டாம்.

மியூக்கர் சந்தேகம் இருந்தால் ‘அரைக்காமல் சிறு துண்டாக நறுக்கவும்’ என்று எழுத வேண்டும். இந்த வகை இழைகளில் குறுக்குச் சுவர் அநேகமாகக் கிடையாது. ஓரிடத்தில் நசுங்கினால் தண்ணீர்க் குழாய் உடைந்தது போல உள்ளிருப்பதெல்லாம் வடிந்து செத்துவிடும். ஸ்லைடில் இழை குவியலாகத் தெரிந்தும் கல்ச்சரில் ஒன்றும் வராததற்கு இதுவே பழைய காரணம்.

பேத்தாலஜி அறிக்கைக்கு மூன்று நாள் முதல் ஒரு வாரம் ஆகும். வழக்கமான ஹெச் அண்ட் ஈ சாயத்தில் பல பூஞ்சைகள் நழுவும். பி.ஏ.எஸ்., சில்வர் சாயங்களைப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். கிரிப்டோகாக்கஸுக்கு மியூசிகார்மின் அதன் உறையைச் சிவப்பாகக் காட்டும். நாடா போல அகன்று, செங்கோணத்தில் கிளைப்பது மியூக்கர் வகை. ஒல்லியாக, குறுக்குச் சுவரோடு, 45 டிகிரியில் கிளைப்பது ஆஸ்பெர்ஜில்லஸ் போலத் தெரியும். ஆனால் ஃபியூசேரியமும் திசுவில் அப்படியேதான் இருக்கும். பேத்தாலஜிஸ்ட் பெயரை உறுதியாகச் சொல்லாவிட்டால் அது அவர் குறையல்ல. சலைன் டப்பாவின் வேலை அங்கே தொடங்குகிறது.

மூன்று நாள் காத்திருக்க முடியாதவர்களுக்கு ஒரு குறுக்குவழி உண்டு, பலரும் கேட்க மறப்பது. சலைன் துணுக்கில் ஒரு பொட்டு நறுக்கி, அதையே கே.ஓ.எச்.சில் கரைத்துப் பார்ப்பது. கால்கோஃப்ளோர் சாயமும் ஒளிரும் மைக்ராஸ்கோப்பும் இருந்தால் இன்னும் தெளிவு. ஒரு மணி நேரத்துக்குள் ‘அகன்ற இழை இருக்கிறது’ என்று ஃபோன் வரும். 2021-இல் கறுப்புப் பூஞ்சை என்று ஊரெல்லாம் பேசியதே, அந்த மியூக்கருக்கு நாளல்ல, மணி நேரம்தான் கணக்கு. துணுக்கை எடுத்த கையோடு ஆம்போடெரிசின் என்ற பூஞ்சை மருந்தையும் தொடங்கி, அறுவை டாக்டரையும் கூப்பிட வேண்டும். கல்ச்சர் பின்னால் வந்து பெயர் சொல்லட்டும். பிளாஸ்டர் ஒட்டிய இடம், வென்ஃப்ளான் (நரம்பில் மருந்தேற்றும் குழாய்) குத்திய இடம், இன்சுலின் போடும் இடம் கறுத்தால் முதலில் நினைவுக்கு வர வேண்டியது இதுதான்.

ரத்தம்

ரத்தம் எடுப்பது எளிது என்பதாலேயே அதை முதலில் எழுதிவிடுகிறார்கள். பீட்டா டி குளுக்கான் பல பூஞ்சைகளின் சுவரில் உள்ள சர்க்கரையைத் தேடும். மியூக்கர் வகையில் அது வராது, கிரிப்டோகாக்கஸில் மிகக் குறைவு. பயப்பட வேண்டிய இரண்டிலும் கைவிடுகிறது. ஆல்புமின், இம்யூனோகுளோபுலின் ஏற்றியிருந்தாலும், சிலவகைச் சவ்வில் டயாலிசிஸ் செய்திருந்தாலும் பொய்யாக ஏறும். கேலக்டோமன்னான் ஆஸ்பெர்ஜில்லஸுக்கானது, ஃபியூசேரியத்திலும் ஹிஸ்டோபிளாஸ்மாவிலும் பாசிட்டிவ் ஆகலாம். விலையும் அதிகம். வெள்ளணு குறைந்த காய்ச்சல்காரருக்குப் பயாப்ஸியோடு சேர்த்துப் பார்க்கப் பயன்படும். தோலில் உள்ளதைக் கண்டுபிடிக்க இவற்றை மட்டும் நம்பினால் பணம்தான் போகும்.

விதிவிலக்கு, கிரிப்டோகாக்கஸின் கூறை ரத்தத்தில் தேடும் கிரிப்டோகாக்கல் ஆன்டிஜென். பட்டைச் சோதனை, பத்து நிமிடம், நம்பகமானது. எச்.ஐ.வி. உள்ளவர் முகத்தில் நடுவில் குழிவிழுந்த முத்து முத்தான பருக்கள் வந்தால் பாலுண்ணி என்று கிள்ளிவிடத் தோன்றும். அதே முகம் கிரிப்டோகாக்கஸுக்கும் உண்டு. பட்டை பாசிட்டிவ் என்றால் தலைவலி இல்லாவிட்டாலும் முதுகுத்தண்டு நீர் எடுத்துப் பார்க்க வேண்டும். நெகட்டிவ் என்றாலும் பருவில் ஒன்றைப் பயாப்ஸிக்கு அனுப்ப வேண்டும். ஹிஸ்டோபிளாஸ்மாவும் டாலரோமைசிஸும் அதே வேடம் போடும். பின்னது மணிப்பூர் பக்கத்தது என்பதால், அங்கிருந்து வேலைக்கு வந்தவரா, பணியில் அங்கே இருந்தவரா என்று ஒரு கேள்வி கேட்டுவைப்பது செலவில்லாத சோதனை.

காய்ச்சலோடு உடம்பில் பல இடத்தில் புடைப்பு என்றால் ரத்தக் கல்ச்சர் அவசியம். பெரியவருக்கு ஒரு பாட்டிலுக்கு 10 மில்லி, இரண்டு இடத்தில் தனித்தனியாகக் குத்தி. மற்ற இழைப் பூஞ்சைகளைவிட ஃபியூசேரியம் ரத்தத்தில் அடிக்கடி வளர்ந்து அகப்படும். ஆஸ்பெர்ஜில்லஸும் மியூக்கரும் அநேகமாக ரத்தக் கல்ச்சரில் வராது. கேண்டிடா ஏறத்தாழப் பாதிப்பேரிடம்தான் பிடிபடும். நெகட்டிவ் தாளைக் காட்டி நிம்மதி அடைய முடியாது.

பி.சி.ஆர். வேகமானது, திசுவில் இழை தெரிந்தும் கல்ச்சர் வளராதபோது பெயர் சொல்லும். மாதிரியை வெளியூருக்கு அனுப்ப வேண்டியிருந்தால் அந்த வேகம் பாதி வழியில் போய்விடும். இழை தெரியாத துணுக்கில் பாசிட்டிவ் வந்தால் தோல் மேலிருந்த தூசிப் பூஞ்சையாகவும் இருக்கலாம்.

யாருக்கு எது

சர்க்கரைக்காரரின் தொடையிடுக்கு, மார்படி, கால்விரல் இடுக்கு: கே.ஓ.எச். மட்டும் போதும். மருந்துக்கு அடங்கவில்லை என்றால் கல்ச்சர். நகத்தின் வேர்ப்பக்கம், சதையை ஒட்டி வெள்ளையாகத் தொடங்கினால் நகத்துண்டு கே.ஓ.எச்.சோடு எச்.ஐ.வி. சோதனையும் கேட்கலாம், சாதாரண நகச்சொத்தை நுனியில் தொடங்கும்.

பண்ருட்டிப் பக்கத்து முந்திரித்தோப்பிலோ சவுக்குத்தோப்பிலோ வேலை செய்பவர், சிறுநீரகம் மாற்றியவர், காலில் வலிக்காத ஒரு கட்டி. கொழுப்புக்கட்டி என்று விட்டுவிடுவதே வழக்கம். எப்போதோ குத்திய சிம்பில் ஏறிய கரும்பூஞ்சையாக (மியூக்கர் அல்ல, இழையே பழுப்பான வேறு வகை) இருக்கலாம். ஊசியால் உறிஞ்சி, அந்தச் சீழைக் கே.ஓ.எச்.சில் பார்த்தால் பழுப்பு இழை தெரியும். இங்கே பயாப்ஸிக்கு முன் ஊசியே சிக்கனம். முழுக்கட்டியையும் அகற்றும்போது துணுக்கு எப்படியும் கிடைக்கும்.

கீமோவில் நியூட்ரோஃபில் என்ற வெள்ளணு 500-க்குக் கீழ், காய்ச்சல், புதிய புடைப்பு ஒன்றே ஒன்று என்றாலும் அன்றைக்கே பயாப்ஸி, ரத்தக் கல்ச்சர். சுரண்டலில் ஒரு மணி நேரத்தைக்கூடச் செலவழிக்க வேண்டாம். சிறு கிளினிக்கில் செய்யக்கூடிய நல்ல காரியம் ஃபோன் செய்து அனுப்பிவைப்பதுதான்.

எதை அனுப்பினாலும் கூடப் போகும் தாளில் ‘தோல் புண், பூஞ்சை?’ என்று மட்டும் கிறுக்க வேண்டாம். என்ன நோயால் எதிர்ப்பாற்றல் குறைந்தது, எந்த மருந்து எத்தனை நாளாக, புண் எங்கே, எந்த வேளையில் எடுத்தது, எந்த ஊரில் இருந்தவர் என்று ஐந்து வரி. ஹிஸ்டோபிளாஸ்மா சந்தேகம் இருந்தால் அதைக் கட்டாயம் எழுத வேண்டும். அப்போதுதான் பாட்டிலை ஆறு வாரம் வைத்திருப்பார்கள். வளர்ந்த பஞ்சு போன்ற பூஞ்சையின் வித்து மூச்சில் போகும். அந்த வரியைப் படித்த டெக்னீஷியன் மூடியைத் திறந்த மேசையில் திறக்கமாட்டார்.